சேணத்தின் மேல் போட்ட பழி

முரட்டுக் குதிரை ஏறுகிறவன் புது பூட்ஸ் போடமாட்டான். புதுசு சர்ச்சுக்கு, கல்யாண வீட்டு நடனத்துக்கு. குதிரைக்கு, ஒரு அளவு பெரிதான, தோல் தளர்ந்துபோன, பின்பக்கத் தையலைப் பிரித்துவிட்ட கிழட்டு பூட்ஸ். குதிரை தூக்கி எறியும்போது பாதம் அங்கவடிக்குள், சேணத்தில் தொங்கும் அந்தக் கால்வளையத்துக்குள், மாட்டிக்கொள்வது உண்டு. அப்போது பூட்ஸ் அங்கேயே நிற்கட்டும், கால் உருவிக்கொண்டு வந்துவிட வேண்டும். அங்கவடியில் வெறும் பூட்ஸ் ஆடிக்கொண்டிருக்க, ஒற்றைக் காலில் சாக்ஸோடு நொண்டி வருகிறவனைப் பார்த்துக் கூட்டம் சிரிக்கும். சிரித்தால் என்ன, அவன் அன்றைக்கு ராத்திரி வீட்டில் சாப்பிடுவான்.

இதை யாரும் யாருக்கும் உட்கார்ந்து சொல்லித்தருவதில்லை. மொன்டானாவில் எங்கள் பவுடர் ஆற்றங்கரையில் பிறந்தவர்களுக்குத் தானாகத் தெரியும். என் தங்கை வெல்டாவுக்குத் தெரியும். அவள் மருமகள் மரீட்டாவுக்குத் தெரியாது. அவள் ஒமாஹா நகரத்துப் பெண், பள்ளிக்கூட ஆசிரியையாக இங்கே வந்து என் தங்கை மகன் ராய்ஸைக் கட்டிக்கொண்டவள்.

ராய்ஸின் அப்பா ஹார்லனும் நானும் ஒரே வயது. இருவரும் ஒரே லாரியில் ஊர் ஊராகப் போய்க் குதிரை ஏறியவர்கள். அவன் என்னைவிடப் பத்து மடங்கு நன்றாக ஏறுவான். அந்த வருஷம் நாட்டின் முதல் பதினைந்து பேருக்குள் வந்துவிடுவான் என்று எல்லோரும் சொன்ன சமயத்தில், ராய்ஸ் தவழ்ந்து வந்து அப்பாவை அடையாளம் தெரியாமல் அழுதான். அவ்வளவுதான். சேணத்தை லாரியிலிருந்து இறக்கினான், திரும்ப ஏற்றவில்லை. வீட்டுக்குப் பின்னால் இருந்த கோழிக்கூட்டைச் சுத்தம் செய்து, தோலும் கத்தியும் வாங்கிப்போட்டு, சேணம் செய்ய உட்கார்ந்தான். நாங்கள் அவனுக்குப் "பால்சோறு" என்று பெயர் வைத்தோம். அவன் கோபித்துக்கொள்ளவில்லை. எங்களில் பாதிப்பேருக்கு வீடும் இல்லை, பெண்டாட்டியும் தங்கவில்லை என்ற நிலை வந்தபோது அந்தப் பெயரைச் சொல்ல ஆளும் இல்லாமல் போயிற்று. அதற்குள் அவன் செய்த சேணத்துக்கு டெக்சஸிலிருந்தும் எல்லை தாண்டி ஆல்பர்ட்டாவிலிருந்தும் ஆட்கள் வரிசையில் காத்திருந்தார்கள்.

எனக்குக் குதிரை ஏறும் உடம்பு போனபிறகு, ரோடியோ என்கிற குதிரைப் போட்டிகளில் அள்ளி எடுக்கும் வேலை. ஏறுகிறவன் எட்டு வினாடி தாக்குப்பிடிக்க வேண்டும்; அந்த மணி அடித்ததும், என் குதிரையை முரட்டுக் குதிரைக்குப் பக்கத்தில் விட்டு, மேலே இருக்கிறவனை இடுப்பில் பிடித்து இறக்கிவிட வேண்டும். மாட்டிக்கொண்டவனை விடுவிக்க வேண்டும். அதனால் அன்று நடந்ததை என்னைவிடப் பக்கத்தில் இருந்து பார்த்தவன் யாரும் இல்லை.

ஜூலை நாலாம் தேதி, எங்கள் ஊர்த் திடல். மரீட்டா ரோடியோ பார்க்க வருவதில்லை, பயம். அந்த வருஷம் வந்தாள். அவர்கள் கல்யாண நாள் அந்த வாரம்தான். ஒமாஹாவில் அளவு கொடுத்து ஒரு ஜோடி பூட்ஸ் செய்யச்சொல்லி அவனுக்குப் பரிசாகக் கொடுத்திருந்தாள். காலோடு ஒட்டினாற்போல் நிற்கும் நல்ல பூட்ஸ். மேல்பகுதியில் மகள் லின்னியின் பெயரை வெள்ளை நூலால் தைத்திருந்தார்கள். லின்னிக்கு ஆறு வயது. பெயர் தைத்தது தன் யோசனை என்று ஊர் முழுக்கச் சொல்லிவைத்திருந்தது அந்தப் பெண்.

குதிரைகளை அடைத்து நிற்கவைத்திருக்கும் கூண்டுகளுக்குப் பின்னால் ராய்ஸ் வந்தபோது அந்த பூட்ஸ் காலில் இருந்தது. டேரல் என்று ஒரு பையன், ராய்ஸோடு சேர்ந்து சுற்றுகிறவன், பார்த்துவிட்டான்.

"என்னடா, மாப்பிள்ளை மாதிரி வந்திருக்கே. குதிரைய கட்டிக்கப் போறியா?"

"மேல பாருடா. என்னப் பாக்க எம் பொண்டாட்டி வந்திருக்கா. உன்னப் பாக்க உங்கம்மாகூட வர்றதில்ல."

எல்லோரும் சிரித்தார்கள். டேரலும் சிரித்தான். பிறகு, ராய்ஸ் ஏறவேண்டிய டீக்கன் என்ற மஞ்சள் குதிரையை முந்தின மாதம் ஏறியவன் டேரல் என்பதால், கடிவாளக் கயிற்றை எவ்வளவு நீளம் விடவேண்டும் என்று கையை விரித்துக் காட்டினான். ஒரு பிடி, அதற்கு மேல் ஒரு கட்டைவிரல். அன்றைக்கு அவனுக்கு ராய்ஸ் எதிராளி. ஆனாலும் குதிரை விஷயத்தில் எதிராளிக்குப் பொய் சொல்கிறவனை எங்கள் ஆட்கள் பக்கத்தில் உட்கார விடமாட்டார்கள்.

ஹார்லன் கூண்டின் மேல் ஏறி மகனுடைய சேணத்தின் வயிற்றுப்பட்டையை இறுக்கிக்கொண்டிருந்தான். அவன் செய்த சேணம்தான். குனிந்தபோது பூட்ஸைப் பார்த்தான்.

"பழச போடு."

"லின்னி கேட்டுட்டாப்பா. எங்க பூட்ஸ ஏன் போடலன்னு. முகம் வாடிப்போச்சு. ஒரு சவாரிதானே. டீக்கன்தானே."

டீக்கன் மோசமான குதிரை இல்லை. நேராக எகிறும், ஏமாற்றாது. ஹார்லன் மகன் முகத்தைப் பார்த்தான், கேலரியில் உட்கார்ந்திருந்த பேத்தியைப் பார்த்தான். வேறொன்றும் சொல்லாமல் பட்டையை இன்னொரு இழுப்பு இழுத்தான்.

ராய்ஸ் எட்டு வினாடியும் நின்றான். நல்ல சவாரி. மணி அடித்தது. நான் வலது பக்கம் போய்ச் சேருவதற்குள் டீக்கன் கால் இடறி முன்னால் சாய்ந்து எழுந்தது. ராய்ஸ் இடது பக்கமாக விழுந்தான். விழுந்தவன் தரைக்கு வரவில்லை. இடது கால் அங்கவடிக்குள் குதிகால்வரை போய்விட்டது. குதிரை மிரண்டது. பக்கத்தில் ஒரு பாரம் தொங்கினால் எந்தக் குதிரைக்கும் பைத்தியம் பிடிக்கும். அவன் காலை உதறுவதைப் பார்த்தேன். பாதம் பூட்ஸுக்குள் திரும்பக்கூட இல்லை. என்னோடு அள்ளும் வேலை பார்க்கிற கூட்டாளி குதிரையை வேலியோரம் நெருக்கிப் பிடித்தான். நான் குனிந்து அங்கவடித் தோலைக் கத்தியால் அறுத்தேன். அதற்குள் குளம்பு தலையில் பட்டிருந்தது.

சாயங்காலம் ஆஸ்பத்திரியில் இறந்துபோனான். வயது முப்பது.

அவன் உடுப்புகளை ஒரு காகிதப் பையில் போட்டு ஹார்லனிடம் கொடுத்தார்கள். இடது பூட்ஸை உச்சியிலிருந்து பாதம்வரை கத்தரித்திருந்தார்கள். கால் வீங்கியதால் வேறு வழியில் கழற்ற முடியவில்லையாம்.

அடுத்த நாள் மரீட்டா ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். சவப்பெட்டியில் அவன் அந்த பூட்ஸோடுதான் படுக்க வேண்டும். வெல்டா என் முகத்தைப் பார்த்தாள். நான் வேறு பக்கம் பார்த்தேன். ஹார்லன், "சரிம்மா, தொடச்சுக் கொண்டுவர்றேன்" என்று சொல்லிவிட்டுப் பட்டறைக்குப் போனான்.

நானும் வெல்டாவும் பின்னாலேயே போனோம். கத்தரித்த வாயை இரண்டு பக்கமும் கத்தியால் சீவிச் சமமாக்கினான். மெழுகிட்ட நூலின் இரண்டு முனையிலும் ஊசி கோத்து, ஒரு பக்கத்திலிருந்து ஒன்றும் மறுபக்கத்திலிருந்து ஒன்றுமாகக் குத்தி இழுத்தான். தோலுக்கு மேல் நூல் தெரியாமல், பாதி கனத்திலேயே ஊசியைத் திருப்பிக் கொண்டுவருகிற தையல் அது. லின்னியின் பெயருக்குப் பக்கத்தில் வந்தபோது கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான். தைத்து முடித்து, சாயம் தடவி, துணியால் தேய்த்தான். செய்தவன் கையில் கொடுத்திருந்தால்கூடக் கண்டுபிடித்திருக்கமாட்டான். மகனைக் கொன்ற பூட்ஸ். அதை அவ்வளவு சுத்தமாகத் தைக்க வேண்டியிருந்தது. கத்தரித்தது தெரிந்தால் ஏன் கத்தரித்தார்கள் என்று மரீட்டா கேட்பாள்.

வெல்டா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "உனக்கு எப்படி கை வருது?" என்றாள். அவன் பூட்ஸைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டான்.

அடக்கம் முடிந்து சர்ச்சுக்குப் பின்னால் சாப்பாடு நடந்தது. டேரல் குடித்திருந்தான். மரீட்டா கையைப் பிடித்துக்கொண்டு அழுதான். அழுகையோடு அழுகையாக, "அந்த பூட்ஸ் மட்டும்..." என்று ஆரம்பித்தான். நான் அவன் தோளில் கைபோட்டு வெளியே கொண்டுபோய் லாரியில் உட்காரவைத்தேன். திரும்பி வந்தபோது மரீட்டா வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அதற்கு இரண்டொரு நாள் கழித்து ஹார்லனின் பட்டறைக்குப் போனேன். ராய்ஸின் சேணத்தைக் கட்டையில் ஏற்றிவைத்துப் பிரித்துக்கொண்டிருந்தான். அதைப் பார்க்கப் பிடிக்காமல் பிரிக்கிறான் என்று முதலில் நினைத்தேன். பிடிக்காமல் பிரிக்கிறவன் பிய்ப்பான். இவன் ஆணி ஆணியாக எடுத்து வரிசையாக வைத்தான். மேல்தோலை உரித்து வெளிச்சத்தில் பிடித்தான். இருக்கையின் அடியில் ஒட்டியிருந்த தோல் அடுக்குகளைத் தனித்தனியாக எடுத்து விரலால் தடவினான். நான் அறுத்த அங்கவடித் தோலின் இரண்டு துண்டையும் சேர்த்துவைத்து வலது பக்கத் தோலோடு அளந்தான். பாதத்தை அங்கவடிக்குள் வைத்து, குதிகாலை அழுத்தி, இழுத்துப் பார்த்தான்.

"என்ன தேடறே?"

"எங்கயாவது இருக்கணும் மெர்ல்."

"எது?"

"நான் செஞ்ச தப்பு."

எனக்கு விளங்கியது. உட்கார்ந்துவிட்டேன். தப்பு அவன் கையில் இருந்துவிட்டால் அந்தப் பெண் கையில் இருக்காது. கடைசியில் மரச்சட்டத்தின் மேல் போர்த்தித் தைத்த, பதப்படுத்தாத பச்சைத்தோலைக்கூட அறுத்து உள்ளே பார்த்தான். விரிசல் இல்லை. எந்தத் தையலும் விட்டுப்போகவில்லை. அங்கவடியின் அகலம் எவ்வளவு இருக்க வேண்டுமோ அவ்வளவு இருந்தது. மேஜை முழுக்க அந்தச் சேணம் துண்டுதுண்டாகக் கிடந்தது. அதைவிட ஒழுங்கான வேலையை நான் பார்த்ததில்லை.

"ஒண்ணும் இல்ல" என்றான். கன்றுக்குட்டி செத்துப் பிறந்ததை வீட்டுக்காரனிடம் சொல்கிற குரலில் சொன்னான்.

நாங்கள் அப்படியே உட்கார்ந்திருக்கும்போது மரீட்டா வந்தாள். கண் வறண்டு போயிருந்தது. மேஜையைப் பார்த்தாள். யாரும் ஒன்றும் சொல்வதற்கு முன்னால் அவளே பேசினாள். எல்லோரும் தன்னிடம் எதையோ மறைக்கிறார்கள் என்றாள். டேரல் சொல்ல வந்ததை நான் தடுத்தது தெரியும் என்றாள். மற்றவர்களுக்கும் கால் மாட்டியிருக்கிறது, அவர்களெல்லாம் நொண்டிக்கொண்டு வீட்டுக்கு வந்திருக்கிறார்கள், ராய்ஸே அந்தக் கதைகளைச் சொல்லிச் சிரித்திருக்கிறான் என்றாள்.

"ராய்ஸ் கால் ஏன் வெளிய வரல? நீங்க சொல்லலன்னா நான் வீடு வீடா போய்க் கேப்பேன், ஹார்லன்."

அவள் கேட்பாள். எந்த வீட்டிலாவது யாராவது சொல்லியும் விடுவார்கள். ஹார்லன் எழுந்தான். மேஜையிலிருந்து இடது அங்கவடியை எடுத்து அவளிடம் நீட்டினான்.

"இதுதாம்மா. இத நான் குறுகலா செஞ்சுட்டேன். ஒரு விரல் அகலம் கூட இருந்திருக்கணும். உள்ள போன காலு திரும்பி வரல."

அவள் வாங்கவில்லை. "இதத்தான் டேரல் சொல்ல வந்தானா?"

"ஆமா."

என் பக்கம் திரும்பினாள். நானும் ஆமா என்றேன்.

"உங்களுக்குத் தெரியுமா? அன்னிக்கு அவர் ஏறும்போது தெரியுமா?"

ஹார்லனைப் பார்த்துதான் கேட்டாள். அந்தக் கேள்விக்கு மட்டும் அவன் பொய் சொல்ல வேண்டியிருக்கவில்லை. கூண்டின் மேலிருந்து அவன் அந்த பூட்ஸைப் பார்த்தான், பார்த்துவிட்டுப் பட்டையை இறுக்கினான்.

"பாத்தேன். போதும்னு விட்டுட்டேன்" என்றான்.

"உங்க சேணம்னா கண்ண மூடிட்டு ஏறுவேன்னு சொல்வார்" என்றாள் அவள். கத்தவில்லை. வாசல்வரை போனவள் அங்கே கொஞ்சநேரம் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். பிறகு போய்விட்டாள்.

அவள் அதை மறைத்துவைக்கவில்லை. ஏன் மறைக்க வேண்டும்? கேட்டவர்களிடம் சொன்னாள். தங்கைக்குப் போன் போட்டுச் சொன்னாள். துக்கம் விசாரிக்க வந்த ரோடியோக்காரர்களின் மனைவிமாரிடம், உங்கள் வீட்டுக்காரர் யார் செய்த சேணத்தில் ஏறுகிறார் என்று கேட்டாள். நல்ல மனசோடுதான் கேட்டாள், இன்னொருத்தி புருஷனை இழக்கக் கூடாது என்று.

டேரல் போதை தெளிந்து பட்டறைக்கு வந்து சண்டை போட்டான். பச்சைப் பொய், நான் ஊருக்கெல்லாம் உண்மையைச் சொல்லப்போகிறேன் என்றான். ஹார்லன் அவன் இடுப்பைக் காட்டிக் கேட்டான்: "அந்த பெல்ட்டு யாரு வாங்கிக் கொடுத்தது?" பெண்டாட்டிதான் வாங்கிக்கொடுத்திருந்தாள். டேரல் குனிந்து பெல்ட்டைப் பார்த்தான். தொப்பியை மாட்டிக்கொண்டு போய்விட்டான். அதற்குப்பிறகு எங்கள் பக்கத்து ஆள் ஒருவனும் வாய் திறக்கவில்லை. கூண்டுகளுக்குப் பின்னால் நின்று அந்தப் புது பூட்ஸைப் பார்த்தவர்கள் நிறையப் பேர்.

ஆனால் திடலில் இல்லாதவனுக்கு என்ன தெரியும்? ஆல்பர்ட்டாக்காரர்கள் கேட்டிருந்த சேணம் வேண்டாம் என்றார்கள். டெக்சஸிலிருந்து போன் வருவது நின்றது. ஆகஸ்டில் தெற்கே ஒரு ரோடியோவில் வேலைக்குப் போயிருந்தேன். டகோட்டாவிலிருந்து வந்த ஒரு பையன் ஹார்லன் செய்த சேணத்தில்தான் ஏறினான். பார்த்தவுடனே எனக்கு அடையாளம் தெரிந்தது. ஹார்லன் தன் பெயரை முத்திரை குத்துகிற இடத்தில் கத்தியால் சுரண்டியிருந்தது. புதுசு வாங்க வசதியில்லை, பெயரையாவது எடுத்துவிடுவோம் என்று நினைத்திருப்பான் போல. இதை நான் ஹார்லனிடம் சொல்லவில்லை. வேறு யாராவது சொல்லியிருப்பார்கள். செப்டம்பரில் அவன் மாட்டுச் சந்தையில் வேலைக்குச் சேர்ந்தான். ஐம்பத்தெட்டு வயதில், சாணிக்குள் நின்று, கையில் குச்சியோடு கன்றுகளைப் பிரித்து விடுகிற வேலை. பட்டறைக் கதவைச் சாத்தி ஒரு கல்லை அண்டக்கொடுத்து வைத்தான்.

அதே மாதம் மரீட்டா லின்னியைக் கூட்டிக்கொண்டு ஒமாஹாவுக்குப் போனாள். போகும்முன் வெல்டாவைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். ஹார்லனுக்குக் கை கொடுத்தாள். காருக்குள் லின்னி பின் கண்ணாடி வழியாகத் திரும்பி உட்கார்ந்து, பாலம் தாண்டும்வரை கையை ஆட்டிக்கொண்டே போனது.

வெல்டா குளிர்காலம் வரைக்கும் பொறுத்துப் பார்த்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், நானும் அவர்களோடு சாப்பிட உட்கார்ந்திருந்தேன். இறைச்சியை அறுத்துக்கொண்டிருந்தவள் கத்தியை வைத்தாள்.

"ஒரு வார்த்த போதும் ஹார்லன். நீ சொல்லலன்னா நான் சொல்றேன். உம் பேரு போச்சு, உன் தொழில் போச்சு, அது உன்னோடது, நீ என்னமோ பண்ணிக்க. லின்னி எனக்கும் பேத்தி. எம் பிள்ளைதான் போயிட்டான். இருக்கற ஒண்ணையும் நீ அனுப்பி வெச்சிட்டே."

ஹார்லன் உருளைக்கிழங்கை மசித்துக்கொண்டே சொன்னான்: "போன் அங்கதான் இருக்கு."

"பண்ணமாட்டேன்னு நினைக்கறியா?"

"பண்ணு. ஆனா ஒண்ணு யோசி. பூட்ஸு வாங்கினது மரீட்டா. போடச் சொல்லிக் கேட்டது யாரு?"

வெல்டா அவனையே பார்த்தாள். அவள் அதுவரை மரீட்டாவைப் பற்றி மட்டும்தான் நினைத்திருந்தாள். நானும்தான்.

"மரீட்டாவுக்குத் தெரிஞ்சா, என்னைக்காவது ஒருநாள் லின்னிக்கும் தெரியும். அழும்போது வாய் தவறி வந்துடும். பெயர் தச்சது தன் யோசனைன்னு எல்லார்கிட்டயும் சொல்லிட்டிருந்தாளே."

வெல்டா எழுந்து போய் போனை எடுத்தாள். எண்களைச் சுழற்றினாள். நாங்கள் இருவரும் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அங்கே மரீட்டா எடுத்திருக்க வேண்டும். வெல்டா சுவரோடு சாய்ந்து நின்றாள். பிறகு, "ஒண்ணுமில்லம்மா, சும்மாதான். லின்னிக்கு இருமல் விட்டுதா? குளிர் கோட்டு பத்துதா?" என்றாள். இன்னும் ஏதேதோ கேட்டாள். பனி பற்றிப் பேசினாள். வைத்துவிட்டு வந்து இறைச்சியை அறுத்து முதல் துண்டை ஹார்லன் தட்டில் போட்டாள்.

வசந்தத்தில் மரீட்டாவே கூப்பிட்டாள். லின்னி குதிரை, குதிரை என்று உயிரை வாங்குகிறாளாம். ஜூலையில் சில நாள் கூட்டி வருகிறேன், அங்கே இருக்கிற கிழட்டுக் குதிரையில் மெதுவாக ஏற்றி நடத்தலாம் என்றாள். பிறகு ஹார்லனிடம் பேச வேண்டும் என்றாள். அவன் வாங்கிக் காதில் வைத்துக்கொண்டு நின்றான். நெடுநேரம் கேட்டான். "சரிம்மா" என்றான். "நியாயந்தாம்மா" என்றான். வைத்துவிட்டான்.

"என்னவாம்?" என்று வெல்டா கேட்டாள்.

"நான் செஞ்ச எதுலயும் பிள்ளைய ஏத்தக் கூடாதாம்."

அந்தச் சனிக்கிழமை நானும் அவனும் தீவனக் கடைக்குப் போனோம். உள்ளே, கோழித் தீவன மூட்டைகளுக்குப் பக்கத்தில், தொழிற்சாலையில் அடித்த சேணங்களை அடுக்கிவைத்திருந்தார்கள். பிள்ளைகளுக்கான சின்னச் சேணம் ஒன்றை ஹார்லன் தூக்கினான். கவிழ்த்து அடிப்பக்கத்தைப் பார்த்தான், கட்டைவிரலால் அழுத்தினான். தோலுக்கு அடியில் பிளாஸ்டிக் சத்தம் கேட்டது. கடைக்காரன் வந்தான். அவனும் எங்களோடு ஒரு காலத்தில் குதிரை ஏறியவன்தான்.

"ஹார்லன், அது உனக்கு வேணாம்ப்பா. கீழ வெச்சிடு."

"பேத்திக்கு."

"அதான் சொல்றேன்."

"பில்லப் போடு" என்றான் ஹார்லன். கடையில் இருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அவன் அதைத் தோளில் போட்டுக்கொண்டு, முதுகைப் பார்க்கிறவர்களுக்கு நடுவில் வெளியே வந்தான். ஒமாஹாவில் மழை பெய்கிறது என்று ரேடியோவில் சொன்னதாக லாரியில் என்னிடம் சொன்னான்.

லின்னி வந்தபோது ஒரு விரற்கடை வளர்ந்திருந்தாள், முன்பல் இரண்டும் இல்லை. காலையில் சாப்பிட்ட கையோடு குதிரை என்றாள். டெய்ஸி என்ற கிழட்டுப் பெண்குதிரையை நான் பிடித்துக்கொண்டேன். ஹார்லன் கம்பளியை விரித்து, சேணத்தை வைத்தான். அது உட்காரவில்லை. டெய்ஸிக்கு முதுகெலும்பு உயரம். சட்டத்தின் முன்பக்கம் தோள் எலும்பின் மேலேயே ஏறி நின்றது. எடுத்து, இன்னொரு கம்பளியை மடித்து வைத்து, திரும்ப வைத்தான். பின்னால் தள்ளினான், முன்னால் இழுத்தான். இன்னொரு துணி கொடுத்தான். அந்தப் பட்டறைக்குள் இதே குதிரையின் முதுகுக்கு அளவெடுத்த மரச்சட்டம் ஒன்று சுவரில் தொங்கிக்கொண்டிருந்தது. மரீட்டா வேலியில் கை ஊன்றிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தாத்தா, உங்க சேணம் உள்ள இருக்கே. அது ஏன் வேணாம்?"

"அது சரியா வராது கண்ணு."

"உங்களுக்கு செய்யத் தெரியாதா?"

வெல்டா வராந்தாவில் துணி மடித்துக்கொண்டிருந்தாள். மடிப்பதை நிறுத்திவிட்டாள்.

"செஞ்சேன். ஒண்ணு தப்பாயிடுச்சு" என்றான் ஹார்லன். குனிந்து பட்டையை மெதுவாக இழுத்தான். குழந்தையை இடுப்பில் பிடித்துத் தூக்கி மேலே உட்காரவைத்தான்.

நான் தலைக்கயிற்றைப் பிடித்து நடத்தினேன். ஹார்லன் பக்கத்திலேயே நடந்தான். நடக்கும்போது வலது கையைச் சேணத்தின் முன்பக்கத்துக்கும் குதிரையின் எலும்புக்கும் நடுவில் நுழைத்துக்கொண்டதைப் பார்த்தேன். குதிரை வைக்கிற ஒவ்வொரு காலுக்கும் அந்தச் சட்டம் அவன் விரல்முட்டுகளில் இறங்கியது. லின்னி பாட்டுப் பாடிக்கொண்டு வந்தாள். இரண்டு சுற்று அப்படிப் போனோம்.

"ஹார்லன்," என்று மரீட்டா கூப்பிட்டாள். குரலில் கோபம் இல்லை. "கைய எடுத்துருங்க. அவ தானா உக்காரட்டும். பயப்படமாட்டா."

அவன் கையை உருவி எடுத்தான். ஒதுங்கி நின்றான். டெய்ஸி காதைப் பின்னால் மடக்கிக்கொண்டது, ஆனாலும் நல்ல குதிரை, நடந்தது. லின்னி இரண்டு கையையும் விரித்து அம்மாவிடம் காட்டினாள். மரீட்டா சிரித்தாள். ஒரு வருஷத்துக்குப்பிறகு அவள் சிரித்ததை அன்றுதான் பார்த்தேன். ஹார்லனும் பார்த்தான். அவன் கை சட்டையோரம் தொங்கியது, முட்டுகளில் தோல் உரிந்திருந்தது.

சாப்பிட எல்லோரும் உள்ளே போனபிறகு நாங்கள் சேணத்தை இறக்கினோம். டெய்ஸியின் எலும்பு மேல் ஒரு நாணயம் அளவுக்கு முடி உதிர்ந்து, சிவந்து ஈரமாக இருந்தது. ஹார்லன் உப்புத் தண்ணீர் கொண்டுவந்து துணியை நனைத்து அந்த இடத்தில் ஒத்தினான். குதிரை தோலைச் சிலிர்த்தது. அவன் அதன் கழுத்தைத் தட்டிக்கொடுத்தான்.

உள்ளேயிருந்து லின்னி சாப்பிடக் கூப்பிட்டாள், தாத்தா பக்கத்து நாற்காலி தனக்குத்தான் என்று கத்தினாள்.

"நாளைக்கு உன் குதிரைய கொண்டா மெர்ல்" என்றான். "அதுக்கு முதுகு தட்டை. தாங்கும்."

துணியைப் பிழிந்து வேலியில் போட்டுவிட்டு உள்ளே போனான்.